மூலநூல் இல்லாத நூதனசாலை
சொங்ஜு அச்சுக்கலைக் காட்சிகள் பற்றிய ஒரு நோக்கு

தென் கொரியாவின் சொங்ஜு நகரிலே 1992ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட பழைய அச்சுக்கலை நூதனசாலை ஒருவகையில் விசித்திரமானது. எந்த நூலின் பொருட்டு அது கட்டப்பட்டதோ அந்த நூல் அங்கு இல்லை. அது பாரிஸ் நகரில், பிரான்சின் தேசிய நூலகத்தில், கீழைத்தேயக் கையெழுத்துச் சுவடிகளோடு ஒன்றாக வைத்துப் பூட்டப்பட்டுள்ளது. சொங்ஜுவில் இருப்பவை அதன் படிகளும், அதனை அச்சிட்ட முறையை விளக்கும் உருவங்களும், அது அச்சான இடத்தின் மண்ணுமே. இல்லாத ஒரு பொருளைச் சுற்றி ஒரு நூதனசாலை எவ்வாறு இயங்குகின்றது, அது எதைக் காட்டுகின்றது, எதைக் காட்டத் தவறுகின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சமயச் சுவடிகளையும் அச்சுநூல்களையும் காட்சிக்கு வைக்கும் எந்த நிறுவனத்துக்கும் பொதுவான ஒரு சிக்கல் இங்கே மிகத் தெளிவாக வெளிப்படுகின்றது என்பதனாலேயே இதனைத் தெரிந்தெடுத்தோம்.

‘ஜிக்ஜி’ எனச் சுருக்கமாக வழங்கும் அந்நூல் பௌத்த சமயத்தின் தியான மரபைச் சேர்ந்தது. சீனத்திலே ‘சான்’ என்றும் ஜப்பானிலே ‘சென்’ என்றும் வழங்கும் அம்மரபு கொரியாவிலே ‘சொன்’ எனப் பெயர்பெறும். பேகுன் என்னும் துறவி, புத்தர்களும் குருமார்களும் மொழிந்தனவாகக் கொள்ளப்படும் பாக்களையும் உரையாடல்களையும் 1372இல் இரண்டு பாகங்களாகத் தொகுத்தார். அவர் 1374இல் மறைந்தார். மூன்றாண்டுகளின் பின், 1377ஆம் ஆண்டு ஏழாம் மாதத்தில், சொக்சான், தால்தாம் என்ற இரு மாணாக்கர் அதனை அச்சேற்றினர். மியோதொக் என்ற பிக்குணி பொருளுதவி செய்தார். இவையனைத்தும் இரண்டாம் பாகத்தின் இறுதிக் குறிப்பிலே உள்ளன. அக்குறிப்பில் இன்னும் ஒரு செய்தி உண்டு. நூல் சொங்ஜுவுக்கு வெளியே ஹுங்தொக்சா என்னும் விகாரையில், வார்க்கப்பட்ட எழுத்துக்களைக் கொண்டு அச்சிடப்பட்டது என்பதே அது. உலோக அச்செழுத்தினால் அச்சிடப்பட்டு இன்று எஞ்சியுள்ள நூல்களுள் காலத்தால் முந்தியது இது என்ற முடிவு அந்த ஒரு வரியை ஆதாரமாகக் கொண்டே நிற்கின்றது.

விகாரை இருந்த இடம் பல நூற்றாண்டுகளாக மறக்கப்பட்டிருந்தது. 1985இல் குடியிருப்பு அமைப்பதற்காக நிலத்தைத் திருத்தியபோது, விகாரையின் பெயர் பொறித்த வெண்கலப் பொருள்கள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. நூலின் இறுதிக் குறிப்பிலே பெயராக மட்டும் இருந்த ஓரிடம் இவ்வாறு மண்ணிலே உறுதிசெய்யப்பட்டது. பின்னர் அவ்விடத்திலே விகாரையின் பிரதான மண்டபம் புதிதாகக் கட்டப்பட்டது. அதன் அருகிலேயே நூதனசாலையும் எழுந்தது. நூதனசாலையின் உண்மையான மூலப்பொருள் இந்த நிலந்தான் என்று கூறுவதும் தவறாகாது.

நூல் பாரிசுக்குச் சென்ற வரலாறு கொள்ளை வரலாறு அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சியோலிலே பிரான்சின் அரசப் பிரதிநிதியாக இருந்த கொலின் து பிளான்சி என்பவர் நூல்களை ஆர்வத்துடன் சேகரித்தவர். அவருடைய சேகரிப்பிலே ஜிக்ஜியின் இரண்டாம் பாகம் இடம்பெற்றது. 1911இல் பாரிசிலே நடைபெற்ற ஏலத்தில், நகை வணிகரும் கலைப்பொருட் சேகரிப்பாளருமான ஹென்றி வெவேர் அதனை 180 பிராங்குக்கு வாங்கினார். அவர் இறந்தபின், 1950இல், அது தேசிய நூலகத்துக்கு அன்பளிப்பாகச் சேர்ந்தது. முதற்பாகம் கிடைக்கவில்லை. கிடைத்த இரண்டாம் பாகத்திலும் முதல் ஏடு இல்லை. எஞ்சியிருப்பவை 38 ஏடுகள்.

இங்கே ஒரு திருத்தம் கூறவேண்டியுள்ளது. ஜிக்ஜி 1972இல் பாரிசில் ‘கண்டுபிடிக்கப்பட்டது’ என்பதே வெகுசன வழக்கு. அவ்வாண்டு யுனெஸ்கோ அறிவித்த சர்வதேசப் புத்தக ஆண்டு. தேசிய நூலகம் நடத்திய நூற்கண்காட்சியிலே அந்நூல் வைக்கப்பட்டது. அந்நூலகத்தில் பணிபுரிந்த கொரிய வரலாற்றறிஞர் பாக் பியொங் சொன் அம்மையார், அது உலோக எழுத்தினால் அச்சிடப்பட்டது என்பதைச் சான்றுகாட்டி நிறுவினார். அம்மையாரின் உழைப்பு போற்றுதற்குரியது. அவரின்றி அந்நூல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்திருக்குமா என்பது ஐயமே. ஆயினும் 1901ஆம் ஆண்டிலேயே, மொறிஸ் கூறான் என்ற பிரெஞ்சு அறிஞர் தாம் தொகுத்த கொரிய நூற்பட்டியலின் அனுபந்தத்தில் இந்நூலைக் குறித்திருந்தார். நூலின் மேலட்டையிலும், வார்ப்பெழுத்தினால் அச்சான கொரிய நூல்களுள் அறியப்பட்டவற்றுட் பழையது இது, ஆண்டு 1377 என்ற கருத்துடைய குறிப்பு பிரெஞ்சு மொழியிலே எழுதப்பட்டுள்ளது. எழுதப்பட்டிருந்தும் எவரும் வாசிக்காத காலம் எழுபதாண்டு. ‘கண்டுபிடிப்பு’ என்ற சொல் இந்த மறதியை மறைத்துவிடுகின்றது. பட்டியலிலே இருப்பது வேறு, அறியப்பட்டிருப்பது வேறு என்பதை நூலகங்களில் உழைப்போர் நன்கு அறிவர்.

பாரிசிலுள்ள மற்றொரு கொரியச் சேகரிப்போடு ஒப்பிட்டால் இதன் நிலை மேலும் தெளிவாகும். 1866இல் கங்வா தீவைத் தாக்கிய பிரெஞ்சுக் கடற்படை அங்கிருந்த அரச நூலகத்தைச் சூறையாடியது. அப்போது எடுத்துச் செல்லப்பட்ட அரசவைச் சடங்கு நூல்களுள் 297 தொகுதிகள் 2011இல் கொரியாவுக்குத் திரும்பின. உடைமையாக அல்லாமல், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் இரவலாகவே அவை திரும்பின. ஜிக்ஜியோ விலைக்கு வாங்கப்பட்டது. ஆகவே அதனைத் திருப்பிக் கேட்க வலுவான சட்டநியாயம் இல்லை. 2018இல், கொர்யோ அரசு நிறுவப்பெற்ற 1,100ஆம் ஆண்டு நிறைவுக் கண்காட்சிக்காக இரவல் கேட்டபோதும் அது வரவில்லை. கொரிய மண்ணில் அடியெடுத்துவைத்தால் நீதிமன்ற ஆணையினால் அங்கேயே தடுத்துவைக்கப்படலாம் என்ற அச்சமே தடையாயிற்று. இதனிடையே, 2001ஆம் ஆண்டு, யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலே கொரியாவின் விண்ணப்பத்தின் பேரில் இந்நூல் சேர்க்கப்பட்டது. பொருள் ஒரு நாட்டில், நினைவு மற்றொரு நாட்டில் என்ற இவ்விந்தையான நிலையிலேதான் சொங்ஜு நூதனசாலை இயங்குகின்றது.

2023ஆம் ஆண்டு ஏப்ரிலிலிருந்து யூலை வரை பாரிஸ் தேசிய நூலகம் ஒரு கண்காட்சியை நடத்தியது. குட்டன்பேர்க்கின் ஐரோப்பாவைப் பொருளாகக் கொண்ட அக்கண்காட்சியின் தொடக்கத்திலே ஜிக்ஜி வைக்கப்பட்டது. 1973க்குப் பின் பொதுமக்கள் அதனை நேரிற் கண்டது அதுவே முதன்முறை. கொரியாவிலிருந்தும் பலர் சென்று கண்டனர். நல்லதே. ஆயின் அந்நூல் எந்த இடத்தில் வைக்கப்பட்டது என்பதைக் கவனித்தல் வேண்டும். ஐரோப்பிய அச்சுக்கலையின் கதைக்கு அது ஒரு முன்னுரையாயிற்று. முன்னுரையைத் தாண்டிச் சென்றால் மைன்ஸ் நகரும் விவிலியமும் வரும். அங்கிருந்தே கதை தொடரும். சொங்ஜுவின் காட்சிகளிலோ அதே நூல் குட்டன்பேர்க்குக்கு 78 ஆண்டுகள் முந்தியது என்ற பெருமையோடு நிறுத்தப்படுகின்றது. ஒரு நகரில் முன்னோடி. மறு நகரில் போட்டியாளன். இரண்டிலும் அளவுகோலாக நிற்பவர் குட்டன்பேர்க்கே. கொரியத் துறவியர் தமக்கெனச் செய்த ஒரு செயல், ஐரோப்பிய அளவுகோலைக் கொண்டு அளந்த பின்னரே பொருள்பெறுகின்றது என்னும் இந்நிலையையே நாம் முதலிற் கேள்விக்குள்ளாக்க விரும்புகிறோம்.

‘78 ஆண்டுகள்’ என்ற கணக்கு பிழையானதன்று. 1377ஐயும், குட்டன்பேர்க் விவிலியத்துக்குரியதாகக் கொள்ளப்படும் 1455ஐயும் கழித்துப்பார்த்தால் அத்தொகை வரும். ஆனால் கழித்தற்கணக்கு வரலாறாகாது. மைன்ஸிலே நிகழ்ந்தது எழுத்து வார்த்தல் மட்டுமன்று. ஒரே அளவில் எழுத்தை மீண்டும் மீண்டும் வார்க்கும் கையச்சு, எண்ணெய் சேர்ந்த மை, அழுத்தும் இயந்திரம், சில பத்து எழுத்துருக்களோடு அமையும் நெடுங்கணக்கு, நூலை விலைகொடுத்து வாங்கக் காத்திருந்த நகரச் சந்தை ஆகியன அங்கே ஒன்றுகூடின. ஏறத்தாழ 180 விவிலியப் படிகள் அவ்வாறு வெளிவந்தன. கொரியாவிலோ ஆயிரக்கணக்கான சீன எழுத்துக்களை வார்க்கவேண்டியிருந்தது. அழுத்தும் இயந்திரம் இல்லை. தாளை எழுத்தின்மேல் விரித்துக் கையினால் தேய்த்தனர். பின்வந்த சோசொன் அரசு 1403இல் எழுத்து வார்ப்புச்சாலை நிறுவி அத்தொழிலைத் தன் கையில் வைத்துக்கொண்டது. நூல்கள் சந்தையை நோக்கி அன்றி, அலுவலரையும் அறிஞரையும் நோக்கியே அச்சாகின. ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது என்பதற்கோ சான்று எதுவும் இல்லை. இரண்டும் வெவ்வேறு சமுதாயத் தேவைகளுக்கு விடையாக எழுந்த இருவேறு முயற்சிகள். சமுதாய அடிப்படையை விட்டுவிட்டுத் தொழில்நுட்பத்தை மட்டும் ஓட்டப்பந்தயத்தில் நிறுத்தினால், வென்றவர் யார் என்பது தெரியலாம். ஓடியவர் ஏன் ஓடினார் என்பது தெரியாது.

முதன்மை என்பது நிலையற்ற உடைமை என்பதற்கும் கொரியாவிலேயே உதாரணம் உண்டு. ஜிக்ஜிக்கு முன்னரும் அங்கே உலோக எழுத்து வழங்கியதென்பது பதின்மூன்றாம் நூற்றாண்டின் எழுத்துச் சான்றுகளாற் பெறப்படுகின்றது. அந்நூல்கள் எஞ்சவில்லை, அவ்வளவே. 2010இல், பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனச் சொல்லப்பட்ட உலோக எழுத்துக்கள் சில வெளிப்படுத்தப்பட்டன. பல்லாண்டு விவாதத்தின் பின், 2017இல், அவற்றைத் தேசியச் செல்வமாக ஏற்க உரிய அரச நிறுவனம் மறுத்துவிட்டது. ஏற்றிருந்தால் சொங்ஜுவின் அறிவிப்புப் பலகைகள் என்னவாகியிருக்கும்? ஒரு நூலின் பெருமையை அதன் வயதிலே மட்டும் கட்டிவைப்பதன் ஆபத்து இதுவேயாகும்.

இவ்வளவும் கூறியபின், அந்நூதனசாலையின் மிகச் சிறந்த பணி எதுவோ அதனைப் பற்றி விரிவாகக் கூறக் கடமைப்பட்டுள்ளோம். அது எழுத்து வார்த்தலைக் கண்முன் செய்துகாட்டுதலாகும். தாளில் எழுதிய எழுத்தைத் தலைகீழாகத் திருப்பித் தேன்மெழுகின்மேல் ஒட்டிச் செதுக்குவர். செதுக்கிய மெழுகெழுத்துக்களை மெழுகுத் தண்டொன்றிலே கிளைகள்போலப் பொருத்துவர். அதன்மேல் களிமண் கலவையைப் பூசி உலர்த்திச் சுடுவர். மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உருகிய வெண்கலத்தை ஊற்றுவர். ஆறியபின் மண்ணை உடைத்தால், காய்த்த கிளைபோல ஓர் உலோகக் கொம்பு வெளிப்படும். எழுத்துக்களைத் தனித்தனியே அறுத்து, அராவித் தட்டிலே கோத்து, அடியிலே மெழுகிட்டு நிலைப்படுத்தி, மை தடவித் தாளை விரித்துத் தேய்ப்பர். நமது செப்புத்திருமேனிகளை வார்க்கும் ஸ்தபதியர் கையாளும் முறையும் அடிப்படையில் இதுவே. ஆகவே தமிழ்ப் பார்வையாளன் ஒருவனுக்கு இக்காட்சி முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. வேறுபாடு என்னவெனில், ஸ்தபதி ஒரு திருமேனிக்காக ஒரு கருவை உடைக்கிறார். இவர்கள் ஒரு சொல்லுக்காக உடைக்கிறார்கள்.

கரு ஒவ்வொருமுறையும் உடைக்கப்படுவதனால், ஒரே எழுத்து ஒரே பக்கத்தில் இருமுறை வந்தாலும் இரண்டும் ஒன்றுபோல இரா. ஜிக்ஜியின் ஏடுகளிலே இதனைக் காணலாம். வரிகள் சற்றே வளைந்துள்ளன. மை ஓரிடத்தில் திட்டாகவும் ஓரிடத்தில் மங்கலாகவும் படிந்துள்ளது. சில எழுத்துக்கள் தலைகீழாகவே நிற்கின்றன. மரப்பலகையில் முழுப்பக்கமாகச் செதுக்கியிருந்தால் எழுத்துத் தலைகீழாக நின்றிருக்க முடியாது. ஆக, அச்சுக்கோத்தவரின் கைப்பிழையே அந்நூலின் பிறப்புச் சான்றாயிற்று. ஒரு மாகாண விகாரையில், அரச வார்ப்புச்சாலையின் வசதிகள் எவையும் இன்றி, இறந்துபோன ஆசானின் சொற்களை எவ்வாறாயினும் பலருக்குக் கொடுத்துவிடவேண்டும் என்று முயன்ற இருவரின் அவசரம் அந்த வளைந்த வரிகளிலே தெரிகின்றது. நுண்ணிய கைவினைக்கு அன்றி, இவ்வவசரத்துக்கே நாம் தலைவணங்கவேண்டும் என்பது எமது கருத்து.

ஆனால் காட்சியமைப்பிலே ஓர் அறிவியற் குறை உண்டு. தேன்மெழுகு முறையே ஹுங்தொக்சாவிற் கையாளப்பட்டது என்பது அனுமானம். கொர்யோக் காலத்து வார்ப்பு முறையை விவரிக்கும் சமகால நூல் எதுவும் எஞ்சவில்லை. சோசொன் காலத்து எழுத்தாளர் ஒருவர் பதிந்துள்ள முறை மணலில் அச்செடுத்து வார்ப்பதாகும். எஞ்சிய நூலின் எழுத்துக்களை ஆராய்ந்தே மெழுகு முறை பெறப்பட்டது. மாற்றுக் கருத்துடைய ஆய்வாளரும் உளர். நூதனசாலையிலோ ஆளுயர உருவங்கள் துறவியாடையுடன் அமர்ந்து, ஐயத்துக்கு இடமின்றி மெழுகைச் செதுக்குகின்றன. பொம்மையால் ‘ஒருவேளை’ என்று சொல்ல முடியாது. இது சொங்ஜுவுக்கு மட்டும் உரிய குறையன்று. உருவம் அமைத்து வரலாறு காட்டும் நூதனசாலை எதுவும் இதிலிருந்து தப்பியதில்லை. எனினும், பல்கலைக்கழகங்களின் துணையோடு இயங்கும் ஒரு நிறுவனம், தன் பார்வையாளனை ஆய்வின் சிக்கலுக்குட் கொண்டுசெல்லத் தயங்குதல் வருந்தத்தக்கது. இரு முறைகளையும் அருகருகே வார்த்துக்காட்டி, எது ஜிக்ஜியின் எழுத்தை ஒத்துள்ளது எனப் பார்வையாளனையே கேட்டிருக்கலாம்.

இனி, எம்மை உறுத்தும் முதன்மையான குறைக்கு வருவோம். அந்நூல் என்ன சொல்கின்றது? ‘ஜிக்ஜி’ என்ற சொல்லுக்கு நேரே சுட்டுதல் என்பது பொருள். மனத்தை நேரே சுட்டுதல், சுட்டப்பட்டதைக் கண்டு விடுதலை பெறுதல் என்பது சொன் மரபின் உயிர்நிலையான கொள்கை. அம்மரபினர் எழுத்தை நம்பியிருத்தலை எச்சரித்தவர்கள். போதனை ஏட்டிலே இல்லை, ஏட்டுக்கு அப்பால் உள்ளது என்றவர்கள். எழுத்தை நம்பாத ஒரு மரபு எழுத்தை வெண்கலத்திலே வார்த்தது ஏன்? சமய வரலாற்றின் சுவையான முரண்களுள் இது ஒன்று. எழுத்தைக் கடந்து செல்லவேண்டுமாயின் முதலில் எழுத்து கையிலிருக்கவேண்டும் என அவர்கள் கருதினார்களா? ஆசான் மறைந்தபின் ஏடே ஆசானாகும் என்று ஆறுதல் கொண்டார்களா? அன்றி, நூலை அச்சிட்டுப் பரப்புதல் புண்ணியம் என்ற பொதுவான பௌத்த நம்பிக்கையே மியோதொக் பிக்குணியைப் பொருள்கொடுக்கத் தூண்டியதா? இவ்வினாக்களை எழுப்பாமல் அந்நூலைக் காட்டுதல், வீணையின் மரத்தை விளக்கி இசையை விட்டுவிடுதல் போன்றது. நூல் நவீன கொரிய மொழியிலும் பிறமொழிகளிலும் பெயர்க்கப்பட்டுள்ளது. நூதனசாலை அதன் உள்ளடக்கத்தை முற்றாக மறந்ததென்று கூறமுடியாது. ஆனால் காட்சிகளின் பாரம் முழுவதும் வார்ப்பின் மேலும் வயதின் மேலுமே விழுகின்றது. வெளியே வரும் மாணவன் மெழுகு உருகும் விதத்தை அறிவான். பேகுன் எதற்காக அந்நூலைத் தொகுத்தார் என்பதை அறியமாட்டான்.

உள்ளடக்கத்திலே நுழைந்திருந்தால், கொரியாவின் எல்லையைத் தாண்டிய ஓர் உலகமும் திறந்திருக்கும். முதற்பாகம் பண்டைய ஏழு புத்தர்களில் தொடங்கி, இந்தியக் குருமரபின் இருபத்தெண்மர் ஊடாகச் சீனத்துக்குச் செல்கின்றது. அவ்வரிசையின் இறுதியிலே நிற்பவர், தென்னிந்தியர் எனச் சீன மரபு கூறும் போதிதருமர். பேகுன் சீனம் சென்றபோது கண்ட ஆசான்களுள் ஒருவர் ஜிகொங் என்ற இந்தியத் துறவி. தியானபத்திரர் என்பது அவரது வடமொழிப் பெயர். அவர் மகதத்தில் பிறந்து இளமையிலே இலங்கைக்குச் சென்று கற்றவர் என அவரைப் பற்றிய கொரியக் கல்வெட்டு வரலாறு கூறுகின்றது. வரலாற்றாசிரியர் இதன் விவரங்களை எவ்வளவுக்கு ஏற்பார்களோ அறியோம். ஆயினும் பதினான்காம் நூற்றாண்டுக் கொரியத் துறவியர் தம் ஞானமரபின் ஊற்றை இந்தியாவிலும் இலங்கையிலும் தேடினர் என்பது ஐயத்துக்கிடமற்றது. கொரியத் தேசியப் பெருமையின் சின்னமாக இன்று நிறுத்தப்படும் ஒரு நூலிலே, ஓரிரு கொரியக் குருமார் நீங்கலாகப் பேசுவோர் பெரும்பாலும் இந்தியரும் சீனரும் ஆவர். நூலைத் தேசியத்தின் சொத்தாக்கும்போது இச்செய்தி சற்று இடைஞ்சலாகத்தான் இருக்கும்.

மற்றொரு செய்தியும் நூதனசாலையின் கதைக்கு இடைஞ்சலானதே. உலோக அச்சு வெளிவந்த அடுத்த ஆண்டே, 1378இல், சுயியம்சா என்ற மற்றொரு விகாரையில் அதே நூல் மரப்பலகையிலே செதுக்கி அச்சிடப்பட்டது. அப்பதிப்பின் படிகள் கொரியாவிலேயே உள்ளன. இரு பாகங்களும் முழுமையாக உள்ளன. அதாவது, புதுமையான முறையால் அச்சான நூல் பாதியாக அந்நிய நாட்டில் இருக்கின்றது. பழைய முறையால் அச்சான நூல் முழுமையாகத் தாய்நாட்டில் இருக்கின்றது. பேகுனின் சொற்களை நமக்குக் காத்துத் தந்தது வெண்கலம் அன்று, மரம். துறவியருக்கு இதில் எந்த வருத்தமும் இருந்திராது. ஓராண்டிலேயே மரத்துக்குத் திரும்பினார்கள் எனின், உலோகம் அவர்களுக்கு ஒரு யுகத் திருப்பமாகத் தோன்றவில்லை. கிடைத்த வழிகளுள் ஒன்றாகவே தோன்றியது என்று கொள்ளலாம்.

மரத்தின் நிலையை அறிய ஹயின்சா விகாரையை நோக்கவேண்டும். 1236 முதல் 1251 வரை, மொங்கோலியப் படையெடுப்பின் நடுவே, திரிபிடகம் முழுவதும் செதுக்கப்பட்ட 81,258 பலகைகள் அங்கே உள்ளன. காற்றோட்டத்தைக் கணித்துக் கட்டிய மரக்களஞ்சியங்களில் அவை அடுக்கப்பட்டுள்ளன. அது நூதனசாலையன்று, வழிபாடு நடைபெறும் விகாரை. சாத்திரத்தைத் தலைமேற் சுமந்து அடியவர்கள் முற்றத்தை வலம்வரும் விழா இன்றும் அங்கே நடைபெறுகின்றது. சுமப்பவர்களுட் பலருக்கு அவ்வெழுத்துக்களை வாசிக்கத் தெரியாதிருக்கலாம். ஆனால் சுமப்பதன் பொருள் அவர்களுக்குத் தெரியும். கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்ட நூலுக்கும் தலைமேற் சுமக்கப்படும் நூலுக்கும் உள்ள இடைவெளி, சமயச் சுவடிகளைக் காட்சிக்கு வைக்கும் ஒவ்வொருவரும் கடக்கவேண்டிய இடைவெளியாகும். சொங்ஜுவிலே புதிதாகக் கட்டப்பட்ட விகாரை மண்டபம் நூதனசாலைக்கு அருகிலேயே இருந்தும், அவ்விடைவெளி கடக்கப்படவில்லை என்பதே எமது மதிப்பீடு.

நாம் இதனை வெறும் பிறநாட்டுச் செய்தியாக வாசிக்க இயலாது. 1578இல் கொல்லத்திலே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தமிழெழுத்திலே அச்சான நூல்களுள் இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையது. அதன் படி அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. நம் நாட்டில், வண்ணார்பண்ணையிலே 1849இல் ஆறுமுக நாவலர் அச்சியந்திரம் நிறுவியது சைவ நூல்களை அச்சேற்றும் பொருட்டே. அதன் பின்னரும், கறையான் அரித்த ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டிலே எழுதும் வழக்கம் ஊர்தோறும் சிலகாலம் நீடித்தது. ஏட்டு மரபிலே ‘மூலப்படி’ என்ற பற்று இருந்ததில்லை. படியெடுப்பதே பாதுகாப்பாக இருந்தது. படியெடுத்தவன் பெயரும் நாளும் ஏட்டின் இறுதியிலே இடம்பெற்றன, ஜிக்ஜியின் இறுதிக் குறிப்பிலே போல. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படி இல்லாதிருந்தவையே மீளமுடியாதவாறு அழிந்தன. இந்த அனுபவத்தோடு சொங்ஜுவை நோக்கும்போது, மூலநூல் இல்லையே என்ற அந்நகரின் ஏக்கத்தில் நாம் பங்குகொள்ளாதிருக்க முடியவில்லை. அதேவேளை, படி இருக்கிறதே என்ற ஆறுதல் எத்துணைப் பெரிது என்பதையும் அவர்களுக்கு நாம் கூறலாம்.

இவ்விடத்திலே சொங்ஜுவின் மீட்டுருவாக்கத் திட்டம் கருதத்தக்கது. 2011 தொடக்கம் ஐந்தாண்டுக் காலம், எழுத்து வார்ப்பிலே தேசியக் கைவினைஞராக அங்கீகாரம் பெற்றவரின் கையினால், ஜிக்ஜியின் எழுத்துக்கள் ஏடு ஏடாக மீண்டும் வார்க்கப்பட்டன. இரண்டாம் பாகத்துக்குப் பாரிஸ் நூலின் உருவம் வழிகாட்டியது. முதற்பாகத்துக்கு அவ்வாறான உருவம் உலகில் எங்கும் இல்லை. ஆகவே 1378ஆம் ஆண்டு மரப்பலகைப் பதிப்பின் சொற்கள் அடிப்படையாகக் கொள்ளப்பட்டன. ஏழு புத்தர்களும், இந்தியக் குருமார் இருபத்தெண்மரும், போதிதருமரும் இவ்வாறு மரத்திலிருந்து மெழுகுக்கும் மெழுகிலிருந்து வெண்கலத்துக்கும் மீண்டார்கள். இதனைப் படி என்று சொல்ல இயலாது. பார்த்து எழுதுவதற்கு முன்னால் எதுவும் இல்லை. போலி என்று சொல்லவும் மனம் வரவில்லை. சொக்சானும் தால்தாமும் செய்தது எதுவோ, அறுநூறு ஆண்டுகளின் பின் அதே நகரில் அதுவே திரும்பச் செய்யப்பட்டது. அந்த வெண்கலத் தட்டுகளுக்கு அருகிலே ஒரு பலகையை வைத்து, அவற்றிலுள்ள பாக்களுள் ஒன்றையேனும் பார்வையாளன் தன் மொழியிலே உரத்து வாசிக்கும்படி செய்வதற்கு அதிகச் செலவாகாது.